கிணற்றுக் கட்டில் ஒரு காலடி

1

இதைப் படித்தால் தம்பி என்னோடு கதைக்க மாட்டான். இப்போதும் கதைப்பதில்லை என்பதால் புதிதாக நட்டப்பட ஒன்றும் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

கனடாவின் நடுவில், கோதுமை வயல்களுக்கு இடையே ஒரு சின்ன ஊர். ஒரேயொரு போக்குவரத்து விளக்கு, ஒரு தபால் கந்தோர், ஒரு நூலகம். முப்பது வருடமாக இங்கேதான் இருக்கிறேன். முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தே பாதி வாழ்க்கை போய்விட்டது. கணவர் காலமான பிறகு வீட்டில் நானும் மகள் ஆரணியும்தான். ஆரணிக்கு நூலகத்தில் வேலை. தமிழ் விளங்கும், கதைக்கவும் செய்வாள். கோபம் வந்தால் மட்டும் முழுக்க ஆங்கிலம்.

சென்ற வருடம் இந்த ஊர் தன் பிறந்தநாளைக் கொண்டாடியது. நூறு வருடங்களுக்கு முன்னர் மாட்டு வண்டிகளில் வந்து இந்த வெளியில் முதன்முதல் அடுப்பு மூட்டிய பெண்களின் கதைகளைச் சேர்த்து நூலகத்தில் ஒரு கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. பிறகு யாரோ, இங்கே பிற்காலத்தில் வந்து குடியேறியவர்களின் குடும்பக் கதைகளையும் சேர்த்தால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அன்று பின்னேரம் ஆரணி சப்பாத்தையும் கழற்றாமல் அடுக்களைக்குள் வந்துவிட்டாள்.

"அம்மா, அம்மம்மாவும் அப்பிடித்தானே? காட்டுக்குள்ள போய் வீடு கட்டினா தானே? கிணறு வெட்டினா தானே? நாங்களும் எழுதுவம்."

அவளுக்குச் சின்ன வயதில் நான் சொன்ன கதை அது. ஒரு தரம் அல்ல, சோறு குழைத்து வாயில் தீத்தும்போதெல்லாம் சொன்ன கதை. யாழ்ப்பாணத்தில் இருந்து வன்னிக் காட்டுக்கு வண்டில் கட்டிப் போன அம்மா. பாம்பு, கரடி, காய்ச்சல். கடைசியில் அம்மா வெட்டிய கிணறு. கிணற்றுக் கட்டில் பதிந்த என் சின்னக் கால்.

ஆரணி கொண்டுவந்த படிவத்தில் ஆறேழு கேள்விகள் இருந்தன. யார், எங்கிருந்து, எப்படிப் பயணம் செய்தார் என்று போய், நடுவில் ஒரு கேள்வி: அவர்கள் வந்தபோது அந்த நிலத்தில் வேறு எவரேனும் வாழ்ந்தார்களா?

யாரும் இல்லை என்று எழுதினேன். பேனை தடுமாறக்கூட இல்லை.

ஏதாவது படம் இருந்தால் நல்லது என்றும் போட்டிருந்தது. ஊரில் இருக்கும் தம்பிக்குச் சொன்னதும் அவன் கைத்தொலைபேசியில் எடுத்து அனுப்பினான். பாசி பிடித்த சீமெந்துக் கட்டு. அதில் ஐந்து விரலும் குதிக்காலும் தெரிய ஒரு பிள்ளையின் வலது கால்.

"ஐயோ, எவ்வளவு சின்னக் கால்! இது உண்மையா உங்கட காலா அம்மா?"

"ஓம்" என்றேன்.

2

எங்கள் ஊர் சாவகச்சேரிக்குப் பக்கத்தில். அப்பா தெற்கே ஒரு கடையில் சிப்பந்தி. தைப்பொங்கலுக்கும் சித்திரை வருடத்துக்கும் தீபாவளிக்கும் வருவார். ஒரு கிழமை நின்று எல்லோரோடும் சிரித்துக் கதைத்துவிட்டுப் போவார். மற்ற நாள் முழுக்க அம்மாதான் ஆணும் பெண்ணும்.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காணி எழுதி, எல்லை எழுதி, கடைசியில் "கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும்" என்று ஒரு வரி வரும். ஒரு கிணறு, நாலு குடும்பம். தண்ணீர் அள்ளும் உரிமையும் கிணற்றடிக்கு நடந்து போகும் உரிமையும் அந்த ஒரு வரிக்குள் அடங்கும். எங்கள் உறுதியிலும் இருந்தது. ஆனால் கிணறு பெரியப்பாவின் வளவுக்குள் இருந்தது. ஏதோ கோபத்தில் அவர் ஒரு நாள் காலையில் அந்த வழியைக் குறுக்கே வேலி போட்டு அடைத்துவிட்டார். உறுதி எங்கள் கையில். தண்ணீர் அவர் கையில். அம்மா இடுப்பில் குடத்தோடு கோயில் கிணற்றுக்கு நடக்கத் தொடங்கினார். ஒரு வருடத்துக்கு மேல் நடந்தார். தெருவில் போகிறவர்கள் கேட்டால், கோயில் தண்ணீர் ருசி என்பார்.

அந்த நேரத்தில்தான் குடியேற்றத் திட்டத்தில் அப்பாவின் பெயருக்குக் காணி கிடைத்தது. ஆனையிறவு தாண்டி, வன்னியில், மூன்று ஏக்கர் காடு. உறுதி இல்லை, கையில் ஒரு பெர்மிட், அரசாங்க அனுமதித் தாள். சனம் அதைக் கொலனி என்று சொல்லும், சொல்லும்போதே வாயைக் கொஞ்சம் கோணும். கொலனிக்குப் போவதென்றால் ஊரில் பிழைக்கத் தெரியாதவர்கள் என்று அர்த்தம். அப்பாவுக்கே விருப்பமில்லை.

"ரெண்டு பிள்ளையளையும் கொண்டு காட்டுக்கோ? உமக்கு விசரோ?"

"அங்கை கிணறு எனக்கு மட்டும்" என்றார் அம்மா. அவ்வளவுதான் கதை.

எனக்கு ஏழு வயது, தம்பிக்கு இரண்டு. வண்டில் விடியற்காலையில் கட்டினார்கள். சட்டி பானை, நெல்லு மூட்டை, ஒரு வைரவர் சூலம் எல்லாம் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்க, பாதி வண்டிலை நிரப்பியது கிளுவங்கதியால். வேலிக்கு நடும் கிளுவைத் தடிகள். அம்மா தன் கையால் வெட்டி, ஈரச் சாக்குச் சுற்றி வைத்திருந்தார். வண்டில்காரர் தலையில் கை வைத்தார்.

"தங்கச்சி, காட்டுக்குத் தடி கொண்டு போற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

"காட்டுத்தடி உக்கிப் போகும் அண்ணை. இது முளைக்கும்."

ஆனையிறவில் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் தெரு. அம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். திரும்பிப் பார்த்த ஆள் நான் மட்டும்தான், அதுவும் வண்டில் ஆட்டத்தில் சத்தி எடுக்க. வழியில் ஒரு மடத்தில் தங்கி மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தோம்.

இதுவரை ஆரணிக்குச் சொன்ன கதையில் பொய் இல்லை.

3

எங்கள் காணியில் ஆட்கள் இருந்தார்கள்.

ஒரு குடிசை. அதைச் சுற்றி மிளகாய், மரவள்ளி, சோளம். அரை ஏக்கர் அளவு காடு சுத்தமாக வெட்டி வேர் பிடுங்கியிருந்தது. குடிசைக்கு முன்னால் ஒரு கிணறு, அதற்குச் சீமெந்துக் கட்டு. கட்டின் மேல் என் வயதுப் பிள்ளை ஒன்று காலை ஆட்டிக்கொண்டு இருந்தது.

அது ராசாத்தி. தாய் முத்தம்மா. மலையகத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுத்தவர்கள். அங்கே கலவரம் வந்து வீட்டை எரிக்க, நடந்தும் லொறியிலுமாக வடக்கே வந்தவர்கள். பிரசாவுரிமை இல்லை. பிரசாவுரிமை இல்லாதவர்களுக்குப் பெர்மிட் இல்லை. யாரும் இல்லாத காடு என்று நினைத்துக் குந்திக்கொண்டார்கள். முத்தம்மாவின் புருசன் கொலனி வாய்க்கால் கட்டும் வேலைக்குப் போய், மிஞ்சிய சீமெந்தைச் சாப்பாட்டு வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து கிணற்றுக்குக் கட்டுக் கட்டியிருந்தான். கட்டு காயுமுன் மகளைத் தூக்கி அதில் நிறுத்தியிருக்கிறான். கிணறு வெட்டியவன் தன் பெயரை எழுதலாம். அவனுக்கு எழுதத் தெரியாது.

'அவன்' என்று எழுதுகிறேன். அப்படித்தான் எங்கள் வீட்டில் சொல்வோம். முத்தம்மா புருசன், அவன், உவன்.

முத்தம்மா முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, பெர்மிட்டு உங்க பேர்ல வந்திருச்சுன்னு சொன்னாங்க. நாங்க பேப்பர் இல்லாத ஆளுங்க. ஒரு ஓரமா இருந்துக்கிறோம். தள்ளிவிட்டுறாதீங்க."

அம்மா கொடியவர் இல்லை. அன்று பின்னேரமே நெல்லு மூட்டையை அவிழ்த்து அவர்களுக்கும் அளந்து கொடுத்தார். முத்தம்மா மரவள்ளிக் கிழங்கு அவித்துத் தந்தாள். தம்பி இரண்டு கையாலும் தின்றான். நானும் ராசாத்தியும் அடுத்த நாள் காலையே சிநேகிதம்.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு வீட்டுக்கு முதல் வேலி. அயலில் மனிதர் இல்லாவிட்டாலும், எல்லைக்கு அப்பால் யானைதான் நிற்கிறது என்றாலும் வேலி. அம்மா கயிறு பிடித்து நேர் பார்த்தார். கதியாலுக்குக் குழி தோண்டிக் கொடுத்தது முத்தம்மா புருசன், ஒரு நேரச் சோற்றுக்கு. வேலி நேராக வந்து குடிசைக்கும் கிணற்றுக்கும் நடுவால் போனது. கிணறு உள்ளே, குடிசை வெளியே. குழி தோண்டிக்கொண்டு போனவனுக்கு அது எந்த இடத்தில் விளங்கியிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அவன் தோண்டுவதை நிறுத்தவில்லை.

ஊரில் எந்த வேலியிலும் ஒரு பொட்டு இருக்கும். அடுத்த வீட்டுப் பெண்கள் குனிந்து வந்து போகிற சின்ன ஓட்டை. நெருப்பு வாங்க, உப்பு வாங்க, ஊர்க்கதை கதைக்க.

"பொட்டு விடேல்லையோ அம்மா? ராசாத்தி எப்பிடி வாறது?" என்று கேட்டேன்.

"பொட்டு விட்டால் பிறகு வழி எண்டு கேப்பினம்."

ஒரு வருடம் கோயில் கிணற்றுக்கு நடந்த கால்கள் அவருடையவை. வழி என்றால் என்ன, அதை அடைத்தால் என்ன ஆகும் என்று அந்தக் காட்டில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. தெரிந்தபடியால்தான் அடைத்தார். அன்றில் இருந்து முத்தம்மா காலையிலும் மாலையிலும் எங்கள் வேலிப் படலையடிக்குக் குடத்தோடு வந்து நிற்பாள். அம்மா அள்ளிக்கொண்டு போய், குடத்தில் வாளி முட்டாமல், உயரத்தில் இருந்து ஊற்றுவார்.

4

சில மாதம் கழித்து ஒரு காணி அதிகாரி வந்தார். யாரோ பெட்டிசம் போட்டிருந்தார்கள்: பெர்மிட் ஒருவருக்கு, காடு வெட்டியது வேறொருவர் என்று. முத்தம்மா வீட்டில் எழுதத் தெரிந்தவர்கள் இல்லை. யார் எழுதியது என்று இன்றுவரை தெரியாது.

நீளக் களிசானும் தொப்பியுமாக ஒரு நல்ல மனிதர். வேலியைப் பார்த்தார், மெச்சினார். கிணற்றடிக்கு வந்தார்.

"இந்தக் கிணறு ஆர் வெட்டினது?"

"நாங்கள்தான் ஐயா" என்றார் அம்மா.

அவர் கட்டைச் சுற்றி வந்தார். காலடியைக் கண்டு குனிந்தார்.

"இது ஆற்றை கால், எந்தப் பிள்ளையின்ரை?"

அம்மா என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அம்மா சொல்லித்தந்தார் என்று எழுதினால் எனக்கு வசதி. பல வருடம் அப்படியே எனக்குள் சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறேன். உண்மை அது அல்ல. யாரும் ஏவாமல் நானாகவே கிணற்றுக் கட்டின் மேல் ஏறி, என் வலது காலைத் தூக்கி அந்தக் காலடிக்குள் வைத்தேன். பொருந்தியது. குதிக்காலில் இருந்து சின்ன விரல் வரை அளவெடுத்தது போலப் பொருந்தியது.

அதிகாரி சிரித்தார். "கெட்டிக்காரி" என்று என் தலையைத் தடவிவிட்டுக் கொப்பியில் ஏதோ எழுதினார்.

அன்று மத்தியானம் அம்மா என் சோற்றுக்கு மட்டும் நெய் விட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

முத்தம்மா குடும்பத்தை அந்த மாதமே காணியை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார்கள். வாய்க்கால் கரையில் போய் ஒரு கொட்டில் போட்டார்கள். பிறகு எங்கள் வயலில் கூலிக்கு நின்றார்கள், வருடக்கணக்காக. ராசாத்தியும் நாற்று நட்டாள். நான் யாழ்ப்பாணத்தில், உடுவிலில், பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் படித்தேன். விடுமுறைக்கு வரும்போது அவள் எனக்கு 'நீங்கள்', நான் அவளுக்கு 'நீ'. ஒரே வயது.

விடுதியில் மற்றப் பிள்ளைகள் கொலனி என்று நெளிப்புக் காட்டினால் நான் கிணற்றுக் கதையை எடுத்துவிடுவேன். சொல்லச் சொல்ல அந்தக் கால் என்னுடையதாகிவிட்டது. கனடாவுக்கு வந்த காலத்தில் அது பொய் என்ற நினைவே எனக்கு இருக்கவில்லை. தம்பி பாவம், அவனுக்கு அப்போது இரண்டு வயது. அவன் இன்றும் உண்மையாகவே நம்புகிறான்.

5

கண்காட்சி திறந்த நாள் நல்ல வெயில். நான் சேலை உடுத்துப் போனேன். ஊர்த் தலைவி மேடையில் ஏறி, இங்கே இப்போது எல்லாக் கூட்டத்திலும் வாசிப்பது போல, ஒரு தாளைப் பார்த்து வாசித்தார்: நாம் கூடியிருக்கும் இந்த நிலம் இன்னார் இன்னார் என்ற ஆதிக்குடிகளின் பூர்வீக நிலம், அதை நன்றியோடு நினைக்கிறோம் என்று. முப்பது வருடத்தில் அதை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். தேவாரம் பாடும்போது எழுந்து நிற்பது மாதிரி ஒரு சடங்கு என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு ஏனோ காது திறந்தது. படலையடியில் குடத்தோடு நின்ற முத்தம்மா நினைவுக்கு வந்தாள்.

அடுத்ததாக ஆரணி ஏறினாள். பெரிய திரையில் அந்தக் காலடி. "என் அம்மம்மா சென்றபோது அங்கே யாரும் இருக்கவில்லை" என்று ஆங்கிலத்தில் வாசித்தாள். "அவர் தன் கையால் கிணறு வெட்டினார். ஈரச் சீமெந்தில் தன் மகளின் காலைப் பதித்தார்." சபை கைதட்டியது. எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவி, அவளுடைய பாட்டியும் வண்டிலில் வந்தவளாம், என்னைக் கட்டிப்பிடித்துக் கண்ணைத் துடைத்தாள். மேடையில் இருந்து ஆரணி என்னைப் பெருமையோடு பார்த்தாள். தமிழ் அவளுக்குத் தூரம், கோயில் தூரம், ஊர் அதைவிடத் தூரம். ஊரில் இருந்து அவள் ஆசையாகக் கையில் எடுத்த ஒரேயொரு பொருள் என்னுடைய பொய்.

எழும்பிச் சொல்லியிருக்கலாம். கேக் தந்தார்கள். சாப்பிட்டேன்.

6

அடுத்த மாதம் தம்பி தொலைபேசி எடுத்தான். யுத்தத்தின் கடைசி மாதங்களில் மட்டும் இடம்பெயர்ந்து, முடிந்ததும் கொலனிக் காணிக்குத் திரும்பிப் போய் வீடு கட்டி இருப்பவன் அவன்தான்.

"அக்கா, பெர்மிட் காணிக்கு உறுதி குடுக்கினம். அப்பாவும் அம்மாவும் இல்லாதபடியால் உரித்தாளர் எண்டு நீங்களும் நேரை வந்து ஒரு கையெழுத்து வைச்சாக் காணும். உங்கடை பங்கை எனக்குத்தானே விடுறியள்?"

"உனக்குத்தான். வாறன்."

தை மாதம் போனேன். வீட்டுக்குள் பை வைத்ததும் தம்பி படிவத்தை மேசையில் விரித்துவிட்டான். அவன் மனிசி தேத்தண்ணி கொண்டுவந்தாள். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், கடவுச்சீட்டு இலக்கம். இரண்டாம் பக்கத்தில்: காணியிலுள்ள கிணறு, கட்டடம் முதலியவற்றை அமைத்தவர். அதற்குக் கீழே: வேறு எவருக்கும் உரித்து அல்லது பாவனை உண்டா.

கனடாவில் கேட்டதையே இங்கேயும் கேட்கிறார்கள். ஏழு வயதில் கேட்டதையும்.

"முத்தம்மா ஆக்கள் இப்ப எங்கை?" என்று கேட்டேன்.

"ஆர், அந்த வாய்க்கால்கரை ஆக்களோ? இடம்பெயர்ந்து போனதோடை சரி. தாய் தேப்பன் செத்துப் போச்சினம். மோள்காரி சாவகச்சேரிச் சந்தையிலை கீரை விக்கிது எண்டு ஆரோ சொன்னவை. ஏன்?"

"சும்மா."

மறுநாள் காலை தனியாகப் பஸ் ஏறினேன். ஆனையிறவில் அதே உப்புக் காற்று. இந்த முறை எதிர்ப்பக்கம் போனேன்.

7

ராசாத்தி என்னை அடையாளம் காணவில்லை. நான்தான் கண்டுபிடித்தேன், முத்தம்மாவின் நாடி அவள் முகத்தில் அப்படியே இருந்தது. பெயரைச் சொன்னதும் கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு எழும்பினாள். பக்கத்துக் கடைக்காரியிடம் சாமானைப் பார்க்கச் சொல்லி, என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சந்தைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. முற்றத்தில் ஒரு தண்ணீர்ப் பைப்.

கதிரையைத் துடைத்துப் போட்டாள். பிறகு வாசலில் நின்று கேட்டாள்:

"எங்கடை வீட்டிலை தண்ணி குடிப்பியளோ அக்கா?"

அவளிடம் மன்னிப்புக் கேட்பதற்காக பஸ்ஸில் இருந்தே வசனம் கட்டிக்கொண்டு வந்தவள் நான். அந்தக் கேள்வியில் எல்லாம் மறந்துபோயிற்று. "தா... தாங்கோ" என்றேன். வாழ்க்கையில் முதல் தரம் அவளுக்கு 'ங்கோ' போட்டது அப்போதுதான். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வாய் வைத்தே குடித்தேன்.

"உங்கடை அம்மா நல்லவ" என்றாள். "எங்களுக்கு ஒரு நாளும் தண்ணி இல்லை எண்டு சொன்னதில்லை. அம்மா சாகுமட்டும் அதைச் சொல்லுவா."

தன் புருசன் வெட்டிய கிணற்றுத் தண்ணீருக்கு எங்களுக்கு நன்றி சொல்லிச் செத்திருக்கிறாள் முத்தம்மா. இனியும் இருந்தால் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது.

"ராசாத்தி, கிணத்துக் கட்டிலை இருக்கிறது உங்கடை கால். அந்தக் காணி ஐயா வந்த அண்டைக்கு நான்தான் என்ரை காலை வைச்சுக் காட்டினனான். பொய். அதாலைதான் உங்களை எழுப்பினவங்கள்."

முற்றத்துப் பைப் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் எழும்பிப் போய் அதை இறுக்கிப் பூட்டிவிட்டு வந்தாள்.

"தெரியும். நான் வேலிக்கு வெளியிலை நிண்டு பாத்தனான்."

"பாத்தனீங்களோ?"

"ஓம். உங்கடை கால் அப்பிடியே பொருந்திச்சுது. எனக்கே சந்தேகம் வந்திட்டுது. பின்னேரம் அப்பா வந்த உடனை கேட்டன், 'அப்பா, அந்தக் கால் யாரோடது?' எண்டு. அப்பா வேலிப் பக்கம் ஒருக்காப் பாத்திட்டு, 'அது அந்தப் புள்ளையோட காலுதான், இனி இதைப் பத்திப் பேசாத' எண்டார். அப்பா சொன்னால் சரியாத்தானே இருக்கும். பிறகு நான் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அப்ப அது என்ரை கால்தான், என்ன?"

"உங்கடைதான்."

"உங்களோடை கோவிச்சு இனி என்ன செய்யிறது அக்கா. சின்னப் பிள்ளையள். அப்பாவைத்தான் நினைக்கிறன். அவர் எவ்வளவு பயந்திருந்தால் அப்பிடிச் சொல்லியிருப்பார்."

நான் சின்னப் பிள்ளை. சரி. ஆனால் படிவத்தில் எழுதியபோது எனக்கு அறுபது தாண்டிவிட்டது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமல் வந்ததும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

எழும்பும்போது கேட்டேன். அதைக் கேட்கத்தான் எல்லாவற்றையும்விட வெட்கமாக இருந்தது.

"உங்கடை அப்பான்ரை பேர் என்ன?"

எங்கள் கிணற்றை வெட்டியவன், எங்கள் வேலிக்குக் குழி தோண்டியவன், எங்கள் வயலில் பதினைந்து வருடம் நின்றவன். பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

"மாரிமுத்து" என்றாள்.

8

படிவத்தைத் தம்பிக்கு முன்னாலேயே நிரப்பினேன். கிணற்றை அமைத்தவர்: மாரிமுத்து. வேறு எவருக்கும் உரித்து உண்டா: உண்டு. அவருடைய மகள் இராசாத்திக்குக் கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும்.

"அக்கா, உங்களுக்கென்ன விசரோ?" என்று எழும்பினான் தம்பி. "உந்தப் பேப்பரை இப்பிடிக் குடுத்தால் உறுதி வராது. ஃபைல் அப்பிடியே கிடக்கும். நான் இஞ்சை இருந்து ஷெல்லுக்குள்ளையும் இந்தக் காணியைக் காத்தனான். நீங்கள் கனடாவிலை இருந்து வந்து ஒரு வரியிலை... ஆற்றை கால் எண்டு இப்ப ஆருக்கு வேணும்?"

அவன் சொன்னதில் பிழை இல்லை. காத்தது அவன்தான். அவன் வீட்டை, அவன் பிள்ளைகளின் காணியை நான் சிக்கலில் மாட்டிவிட்டுப் பாவம் தீர்த்துக்கொள்கிறேன் என்றால் அதுவும் சரிதான். கையெழுத்து வைத்தேன். காணிக் கந்தோரில் எழுதுவினைஞர் அந்த வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டு, பெர்மிட் காணியில் இப்படிப் பங்கு எழுத இடமில்லை அம்மா, மேலிடத்துக்கு அனுப்பிக் கேட்கவேண்டும் என்றார். இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆரணிக்குத் தொலைபேசியில் சொன்னபோது முழுக்க ஆங்கிலத்தில் கத்தினாள். எல்லோருக்கும் முன்னால் தன்னைப் பொய் வாசிக்க வைத்தேன் என்றாள். உண்மை. இரண்டு நாள் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்து, "அந்தத் தாத்தாட பேரைச் சொல்லுங்கோ, லைப்ரரி போர்டில மாத்தவேணும்" என்றாள். அவள் மாற்றிவிட்டாள். கண்காட்சியில் அழுத அந்தக் கிழவி இப்போது கடையில் கண்டால் என்னைக் கட்டிப்பிடிப்பதில்லை, தலையை மட்டும் ஆட்டுகிறாள்.

திரும்பி வருவதற்கு முதல் நாள் சந்தைக்குப் போய் ராசாத்தியிடம் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். கிணற்றில் பங்கு எழுதியிருக்கிறேன் என்றதும் சிரித்தாள்.

"எனக்கு அங்கை என்னத்துக்கு அக்கா பங்கு? இஞ்சை பைப்பிலை தண்ணி வருது."

நான் வெட்கத்தோடு நின்றேன். அவள் கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு இருந்தவள், திடீரென்று கையை நிறுத்தினாள்.

"அப்பான்ரை பேரையும் எழுதினனீங்களோ? கவுண்மேந்துப் பேப்பரிலையோ?"

"ஓம்."

"அவற்றை பேர் போட்ட பேப்பர் எங்களிட்டை ஒண்டுகூட இல்லை. இருந்ததெல்லாம் இடம்பெயர்வோடை போச்சு." ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "எனக்கு அதிலை ஒரு கொப்பி எடுத்துத் தருவியளோ அக்கா?"

சந்தைக்கு எதிரே ஒரு போட்டோக் கொப்பிக் கடை இருந்தது. படிவத்தின் பிரதி என் கைப்பையில் இருந்தது. அதைக் கொண்டுபோய் இன்னொரு கொப்பி எடுத்துவந்து கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி, "நன்றி அக்கா" என்றாள்.